நல்ல மழை பெய்திருக்கிறதா? உஷார்!

பஞ்சம் வந்தால் எல்லோரும் உஷாராகிவிடுகிறோம். மேகத்தைப் பார்க்கிறோம், கிணற்றை எட்டிப் பார்க்கிறோம், மாட்டை விற்றுவிடலாமா என்று கணக்குப் போடுகிறோம். ஆனால் இரண்டு மூன்று வருஷம் தொடர்ந்து மழை பெய்து, மேய்ச்சல் காட்டில் புல் முழங்கால் உயரம் நிற்கும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. அப்போதுதான் பயப்பட வேண்டும் என்று சொல்ல வருகிறேன். காற்று மண்ணை வாரிக்கொண்டு போன பெரிய அழிவுகளை எடுத்து, முதல் தப்பு எங்கே நடந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். வறட்சி வந்த வருஷத்துக்கும் முன்னால் போக வேண்டியிருக்கும். மழையும் விலையும் சேர்ந்து கைகொடுத்த ஒரு வருஷத்தில், புல்வெளியில் கலப்பை இறங்கிய நாளில் போய் நிற்பீர்கள்.

இதை இப்போது சொல்லக் காரணம் தார் பாலைவனம்.

மேற்கு ராஜஸ்தானில் கடந்த இருபது வருஷங்களாக மழை கூடியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகளும் பெருகிவிட்டன. செயற்கைக்கோள் படத்தில் பாலைவனம் வருஷத்துக்கு வருஷம் பச்சையாகிறது. ‘பாலை பசுமையாகிறது’ என்று இதை நல்ல செய்தியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். முதலில் பார்த்தபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் அந்தப் பச்சை எதன் பச்சை என்று கேட்கத் தோன்றியது. படத்தில் புல்லும் பச்சை, கடுகும் பச்சை. நாலு மாதம் பச்சையாக இருந்து அறுத்ததும் வெறும் மண்ணை விட்டுப்போகிற பயிருக்கும், வருஷம் முழுக்கத் தூரோடு மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் புல்லுக்கும் அந்தப் படம் வித்தியாசம் காட்டுவதில்லை. காற்று காட்டும்.

ஜெய்சல்மேர் பக்கத்து மணல்வெளியின் புல்லுக்கு சேவண் என்று பெயர். வருஷத்துக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்கிற இடத்தில் வளரும். ஒரு தூர் இருபது வருஷம்வரைகூட உயிரோடிருக்கும். மேலே காய்ந்து வைக்கோல் நிறமாகிவிட்டாலும் அடியில் சல்லிவேர் மணலைக் கவ்வியே இருக்கும். ஒரு மழை விழுந்தால் போதும், அதே தூரிலிருந்து துளிர்த்துவிடும். தார்பார்க்கர் மாடுகள் இந்தப் புல்லை நம்பி வளர்ந்த இனம். அங்கே மேய்ப்பவர்களுக்கு சேவண் என்பது தீவனம், மழைக் கணக்கு, சொத்து எல்லாமே. அரசாங்கக் கணக்கில் மட்டும் அந்த நிலத்தின் பெரும்பகுதிக்குப் பெயர் தரிசு.

அந்த மணலைப் பழைய காலத்தில் ஒட்டகம் பூட்டிய மரக்கலப்பை மேலாகக் கீறிவிட்டுப் போகும். வன்னி மரக் கன்றுகளையும் புல் தூர்களையும் சுற்றிக்கொண்டு போகும். வன்னியைத்தான் அங்கே கேஜ்ரி என்கிறார்கள். அந்த மரத்துக்காக 1730-இல் ஜோத்பூருக்குப் பக்கத்துக் கேஜர்லி கிராமத்தில் 363 பிஷ்னோய் மக்கள் உயிரைக் கொடுத்தார்கள். இப்போது டிராக்டரின் வட்டுக்கலப்பை எதையும் சுற்றிக்கொண்டு போவதில்லை. தூரை வேரோடு புரட்டிப் போட்டு, மண்ணை மாவாக்கிவிட்டுப் போகிறது. ஒரு நாளில் உழுகிற பரப்பு, ஒட்டகத்துக்குப் பல நாள் வேலை.

அதோடு விலையும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பதைக் கொத்தவரை காட்டியது. அமெரிக்காவில் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் கிணறுகளுக்குக் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் பிசின் தேவைப்பட்டது. 2011, 2012-இல் விலை பல மடங்கு எகிறியது. கடைசியில் 2012 மார்ச்சில் அதன் முன்பேர வணிகத்தையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு விலை விற்கிற விதையை, மழையும் நன்றாக இருக்கும்போது, யார்தான் விதைக்காமல் இருப்பார்? அந்த விவசாயியை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் டிராக்டரை வாடகைக்குப் பேசியிருப்பேன். பிறகு விலை இறங்கிவிடும். உழுத சேவண் மட்டும் தானாகத் திரும்பி வராது.

இதே கதையை ஒரு நாடு ஏற்கெனவே கடைசிவரை நடத்திக் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் தெற்குச் சமவெளி. கன்சாஸ், ஒக்லஹோமா, டெக்சாஸ், கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய ஐந்து மாநிலங்கள் கூடும் வறண்ட புல்வெளி அது. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியது. 1920-களில் மழையும் சாதகமாக இருந்தது. டிராக்டரும் வட்டுக்கலப்பையும் வந்தன. எருமைப்புல் மூடியிருந்த லட்சக்கணக்கான ஏக்கரைச் சில வருஷங்களுக்குள் புரட்டிப்போட்டார்கள். 1930-இல் விலை சரிந்தது. 1931-இல் மழை பொய்த்தது. நட்டத்தில் போன நிலங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். புல்லும் இல்லை, பயிரும் இல்லை. 1934 மே மாதப் புயலில் அமெரிக்கச் சமவெளிகளின் மண் நியூயார்க், வாஷிங்டன் நகரங்கள்வரை போனது. அட்லாண்டிக் கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களின் தளத்திலும் படிந்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகலில் எதிரே நீட்டிய கை தெரியாத அளவுக்குக் கறுப்புச் சுவர் ஒன்று வந்து ஊர்களை மூடியது. அந்த நாளுக்கே கறுப்பு ஞாயிறு என்று பெயர் வந்துவிட்டது. சரியாகப் பதின்மூன்று நாள் கழித்து அமெரிக்க அரசு மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. பல வருஷமாக இதற்காகக் கத்திக்கொண்டிருந்த ஹியூ பென்னட் என்ற மண்ணியலாளருக்குக் காது கொடுக்க, தலைநகருக்கே புழுதி போய்ச் சேர வேண்டியிருந்தது. 1940-க்குள் சுமார் 25 லட்சம் பேர் சமவெளி மாநிலங்களை விட்டு வெளியேறிவிட்டார்கள்.

இருபது வருஷம் கழித்து சோவியத் அரசு அதையே செய்தது. 1954-இல் குருஷேவ் கஜகஸ்தான் புல்வெளிகளை உழச் சொன்னார். 1956-இல் அமோக விளைச்சல். 1960-களின் தொடக்கத்தில் அங்கேயும் வானம் புழுதியானது. அமெரிக்காவில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தும்தான் இது நடந்தது. நல்ல வருஷத்தின் விளைச்சல் கண்ணை அவ்வளவு மறைக்கும்.

காற்று எப்படி மண்ணை எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் புல்லின் மதிப்பு புரியும். அரை மில்லிமீட்டருக்கு மேல் பருமனான மணல் தரையில் உருளும். அதைவிடச் சின்னது, 0.1 முதல் 0.5 மில்லிமீட்டர்வரை உள்ளது, குதித்துக் குதித்துப் போகும். அதற்கும் நுண்ணியது தூசியாக மேலே ஏறி, நூற்றுக்கணக்கான மைல் போய்விடும். இதில் வில்லன் குதிக்கிற மணல்தான். நுண்தூசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு படிந்திருக்கும்; காற்றுக்கு லேசில் அசையாது. குதித்து விழும் மணல் அதன்மேல் சம்மட்டி போல அடித்து, கட்டியை உடைத்து, தூசியைக் கிளப்பிவிடும். ஒரு மணல் விழுந்து இரண்டைக் கிளப்பும், இரண்டு நாலைக் கிளப்பும். அதனால்தான் காற்றின் போக்கில் வயல் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு நாசம் கூடுகிறது. லிபியப் பாலையில் சுற்றிய ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்டு 1941-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதன் கணக்கைப் போட்டுவைத்தார். நகரும் மணலின் அளவு காற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. இதையே திருப்பிப் போடுங்கள்: தரையோரக் காற்றைப் புல் பாதியாகக் குறைத்தால் மணல் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு சாண் உயரக் காய்ந்த புல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது.

தூர்களுக்கு இடையில் வெறுமையாகத் தெரியும் தரையும் வெறும் தரை இல்லை. நீலப்பச்சைப் பாசியும் கற்பாசியும் பின்னிய மெல்லிய ஏடு ஒன்று அங்கே மண்ணை ஒட்டவைத்திருக்கும். ஜீப் சக்கரம் ஒரு தடவை ஏறினால் உடைந்துவிடும். திரும்பப் படர வருஷங்கள் ஆகும், வறண்ட இடத்தில் பல பத்தாண்டுகள்கூட ஆகும்.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் சுமார் 6 டன் போகிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது கண்ணுக்கே தெரியாது. ஒரு கோடைக் காற்றில் போய்விடும், நமக்கு உறைக்காது. அதோடு போவது எல்லா மண்ணும் கலந்து இல்லை. லேசானது முதலில் போகும். உரச்சத்தும் மட்கும் ஒட்டியிருப்பது அந்த நுண்ணிய பகுதியில்தான். காற்று சலித்து, மாவைத் தான் எடுத்துக்கொண்டு, நமக்குத் தவிட்டை விட்டுப்போகிறது. மீதி நிற்கும் பருமணலில் தண்ணீர் தங்காது, பெய்த மழை அடியில் இறங்கிவிடும். முன்பு பெய்த அதே மழை பெய்தாலும் பயிர் வாடும். ‘மழை சரியில்லை’ என்பார்கள். மழையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அதைப் பிடித்து வைத்திருந்த மண் போய்விட்டது. புல்வெளி பாலையாவது பெரும்பாலும் இப்படித்தான். எங்கிருந்தோ மணல் வந்து மூடுவது கடைசிக் காட்சி. அதற்கு முன்னாலேயே இருந்த இடத்திலேயே மண் மாறிப்போயிருக்கும்.

இந்தியாவில் இது எவ்வளவு என்பதற்கு இஸ்ரோ தயாரித்த வரைபடத் தொகுப்பு இருக்கிறது. 2018-19 கணக்கில் 9.78 கோடி ஹெக்டேர் நிலம் சீரழிந்திருக்கிறது. நாட்டின் பரப்பில் ஏறக்குறைய 30 சதவீதம். 2003-05-இல் இது 9.45 கோடியாக இருந்தது. குறையவில்லை, கூடிக்கொண்டு போகிறது. தண்ணீர் அரிப்பும் தாவர அழிவும்தான் இதில் பெரிய பங்கு. காற்று அரிப்பு மூன்றாவது, அதன் தலைமையிடம் மேற்கு ராஜஸ்தான்.

கலப்பை மட்டும் இல்லை. தரிசு என்று எழுதப்பட்ட அந்தப் புல்வெளிகளில்தான் சூரிய மின் பூங்காக்கள் எழுகின்றன. பட்லா பூங்கா மட்டும் சுமார் 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். நிலக்கரிப் புகைக்கு மாற்று வேண்டும். ஆனால் செடியையும் புல்லையும் வழித்துவிட்டு நிலத்தைச் சமப்படுத்தும்போது, பலகையில் படியப்போகும் தூசியை நாமே கிளப்பிவிடுகிறோம் என்பதையாவது கணக்கில் எடுக்க வேண்டாமா? ஊருக்கு ஊர் சாமி பெயரில் விட்டுவைத்த ஓரண் என்னும் மேய்ச்சல் காடுகளும் இதில் போகின்றன. நம் ஊர்க் கோயில்காடு மாதிரி, அங்கே கோடரி வைக்கக் கூடாது என்பது நூற்றாண்டுக் கட்டுப்பாடு. ஓரண்களை அளந்து அடையாளம் காணும்படி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அளந்து முடிப்பதற்குள் எத்தனை மிஞ்சும் என்பதுதான் என் கவலை. ஒரு காலத்தில் தமிழகத்தின் வறண்ட புல்வெளிகளிலும் திரிந்த கானமயிலுக்குக் கடைசிப் புகலிடமும் இந்த ஜெய்சல்மேர் புல்தான்.

இங்கே இன்னொரு உஷார் சொல்ல வேண்டும். இது நல்ல மனசுக்காரர்களுக்கு. பாலையைத் தடுக்கிறேன் என்று கிளம்பி, கையில் கிடைத்த மரக்கன்றை எல்லாம் புல்வெளியில் நடாதீர்கள். குஜராத்தின் கச்சுப் பகுதியில் பன்னி என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. உப்பு உள்ளே ஏறுவதைத் தடுக்க 1961-இல் வனத்துறை அங்கே ஒரு மரத்தை நட்டது. அதன் பெயரைச் சொன்னால் ராமநாதபுரத்துக்காரர் பெருமூச்சு விடுவார். சீமைக் கருவேலம். இன்று பன்னியின் பெரும்பகுதியில் புல் இருந்த இடத்தில் முள்தான் நிற்கிறது. சீனாவும் 1978-இல் தன் வடக்கு எல்லை முழுக்க மரச் சுவர் எழுப்பக் கிளம்பியது. மழை போதாத புல்வெளியில் வைத்த மரங்கள் பல இடங்களில் நிலத்தடி ஈரத்தைக் குடித்துவிட்டுத் தாமும் பட்டுப்போயின. 2021 மார்ச் 15 அன்று பெய்ஜிங் ஆரஞ்சு நிறப் புழுதியில் மூழ்கியது. மரச் சுவருக்கு அப்பால், மங்கோலியாவின் வறண்ட தரையிலிருந்து வந்த புழுதி அது.

எது பலித்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே சீனாவில் ஷாபோடோ என்ற இடத்தில், பாவோடோ – லான்ஜோ ரயில் பாதை மணல்மேடுகளுக்கு நடுவே போகிறது. 1950-களில் அந்தப் பாதையை மணல் மூடாமல் காக்க வைக்கோலை எடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டமாக, சதுரங்கப் பலகை மாதிரி மணலில் ஊன்றினார்கள். அவ்வளவுதான் தொழில்நுட்பம். கட்டத்துக்குள் காற்று தளர்ந்தது, தூசி தங்கியது, பாசி ஏடு படர்ந்தது, செடி பிடித்தது. ரயில் இன்றும் ஓடுகிறது. நம் ஜோத்பூரில் 1959 முதல் காசரி என்ற பெயரில் இயங்கும் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியும் இதற்குப் பங்காளிதான். முதலில் வேலி போட்டு ஆடு மாட்டை வெளியே நிறுத்துவார்கள். அங்கேயே கிடைக்கும் கீம்ப், சீனியா போன்ற புதர்களை வெட்டி, காற்றுக்குக் குறுக்காக வரிசை வரிசையாக மணலில் புதைப்பார்கள். அதற்குப் பிறகே புல் விதை. சேவண் விதை பஞ்சு மாதிரி லேசானது, தூவினால் பறந்துவிடும். களிமண்ணும் சாணமும் மணலும் சேர்த்து உருண்டை பிடித்து மழைக்கு முன் போடுவார்கள். உழுதுதான் தீர வேண்டிய நிலத்தில் பயிர்ப் பட்டைக்கு நடுவே காற்றுக்குக் குறுக்கே புல் பட்டை விடச் சொல்வார்கள். கம்பை அடியோடு அறுக்காமல் ஒரு முழம் தட்டையை நிற்கவிடச் சொல்வார்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. பொறுமைதான் செலவு. ஆனால் சிலவகைப் புண் ஆற ஒரு ஆயுள் போதாது. கன்சாஸில் அரசு திரும்ப வாங்கிப் புல் போட்ட நிலங்களுக்குத் தேசியப் புல்வெளி என்று பெயர் வைத்துக் காக்கிறார்கள். தொண்ணூறு வருஷமாகப் போகிறது, உழாத நிலத்துப் புல்லுக்கும் அதற்கும் இன்றும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்கள்.

ராஜஸ்தான் கதை நமக்கு எதற்கு என்று நினைக்கலாம். சேவணுக்குக் கூடவே அங்கே தாமண் என்று ஒரு புல் வளர்கிறது. அது வேறு ஒன்றுமில்லை, நம் கொழுக்கட்டைப்புல். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு முழுக்க நிற்கிற அதே புல். கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல் மரம், தரையில் கொழுக்கட்டைப்புல், மேய்வதற்குக் காங்கயம் மாடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து அறைகிற மண்ணில் இப்படி ஒரு ஏற்பாட்டை எந்த நிறுவனமும் சொல்லிக்கொடுக்காமல் நம் ஆட்கள் கட்டிவைத்தார்கள். கிளுவை வேலி காற்றை முழுக்க மறிக்காது, சலித்து விடும். சுவர் மாதிரி மறித்தால் பின்னால் சுழல் கிளம்பி மண்ணைத் தோண்டும். பாதிக் காற்றை உள்ளே விடுகிற தடுப்பே நல்லது என்று ஆராய்ச்சிக்காரர்களும் சொல்கிறார்கள்.

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ஒரு நல்ல மழை வருஷத்தில் கொறங்காட்டில் ரெண்டு ஏக்கரை டிராக்டர் விட்டு உழுது கம்பு போட்டார். கம்பு நன்றாகவே வந்தது. அடுத்த வருஷம் மழை இல்லை, விதைக்கவும் இல்லை. அந்த ஆடியில் கிழக்கு வேலியோரம் செம்மண் முழங்கால் உயரம் குவிந்து, கிளுவையின் அடி மறைந்துவிட்டது. “இது நம்ம காட்டு மண்ணுதான் கண்ணு, எங்கீம் போயிராது” என்று கூடையில் அள்ளித் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். வேலியில் தங்கியது பருமணல். நல்ல மண் வேலியைத் தாண்டிப் போய்விட்டது என்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ரெண்டு ஏக்கரில் அவர் இருந்தவரை பழைய மாதிரி புல் வரவில்லை.

இப்போது கொறங்காடு மனையாகவும் தோட்டமாகவும் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்கு எந்தத் திட்டம் வந்தாலும் முதல் பலி. தென்மேற்குக் காற்று கிளம்பும் முன், வைகாசிக்குள் ஒரு நடை உங்கள் காட்டுக்குப் போய் வாருங்கள். புல் தூர் பீடத்தில் ஏறி நிற்பது மாதிரி, வேர் வெளியே தெரிய நிற்கிறதா என்று பாருங்கள். முன்பு தரை அங்கே இருந்தது, அந்த அளவு மண் போயிருக்கிறது என்று அர்த்தம். மேலே பொடிக்கல்லாகக் கிடக்கிறதா, முன்பு அப்படிக் கிடந்ததா என்று வீட்டில் வயசானவர்களைக் கேளுங்கள். புதர்களின் பின்பக்கம் மண் வால் மாதிரி நீண்டிருக்கிறதா, வேலியோரம் மேடு தட்டியிருக்கிறதா, இளம்பயிரின் இலை நுனி மணல் அடித்து வெளுத்திருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வருஷம் அந்தத் துண்டில் ஆடு மாட்டை நிறுத்துங்கள். வேலியில் கழித்த முள்ளை எரிக்காமல், காற்றுக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். கொழுக்கட்டைப்புல் விதையைச் சாணத்தோடு உருட்டி வையுங்கள்.

மழை நன்றாகப் பெய்து, பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரை அனுப்பட்டுமா என்று கேட்டால், அந்தத் துண்டுக்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.